விளிம்பில் ஒரு பெயர்

பதக்கம் என்னும் சொல் பழைய வழக்கில் கழுத்தணியின் தொங்கலைக் குறித்தது. படைவீரர் மார்புக்கு அது பின்னரே வந்தது. மலாக்காத் தோட்டங்களின் தகரப்பெட்டிகளில் நாம் தேடுவது இந்தப் பிந்திய பதக்கத்தையே. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பணியாற்றிய படையினர்க்கும், தோட்டங்களைக் காத்த சிறப்புக் காவலர்க்கும் பிரிட்டிஷ் அரசு பொதுச்சேவைப் பதக்கம் வழங்கியது. ஊதா நாடா, நடுவே பச்சைக்கோடு, அதன்மேல் ‘மலாயா’ என்ற பட்டை. வெள்ளி வட்டில் ஆறாம் ஜார்ஜின் தலை இருப்பின் முந்தியது. எலிசபெத்தின் தலை இருப்பின் பிந்தியது.

ஆயினும் ஆளை அடையாளம் காண முகத்தைவிட விளிம்பே உதவும். பெற்றவரின் எண்ணும் பெயரும் அங்கேதான் உள்ளன. இரண்டாம் உலகப்போரின் பசிபிக் விண்மீன் பிரிட்டிஷ் படையினர்க்குப் பெயர் பொறிக்கப்படாமலே வந்தது. குடும்பத்தார் நினைவு அற்றால் அது யாருடையதோ!

பெயர் இருந்தும் இடர் தீர்வதில்லை. உரோமன் எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாயின. ர, ற வேறுபாடும் மறைந்தது. மாறனா, மாரனா? விளிம்பு சொல்லாது. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு தமிழில் இருந்தால் அது சொல்லும். ஆசிரியர்கள் அவற்றைக் கழிவுத்தாளோடு போடலாகாது. எடைக்கு விற்ற பதக்கங்கள் உருகிப் போயின. எஞ்சியவற்றையேனும் புளியிட்டுத் துலக்க வேண்டா, விளிம்பெழுத்து மழுங்கிவிடும்.