திருமயத்தில் அழிந்தது

புதுக்கோட்டைச் சீமைக்கு வருகிறவர்கள் குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிரந்த எழுத்தில் ஸ்வரங்கள் நான்கு நான்காக அடுக்கியிருக்கும். சிஷ்யர்களின் நன்மைக்காக ஓர் அரசன் செய்தது என்று அதிலேயே கண்டிருக்கிறது. பண்டார்கர் அதைப் படித்து ‘எபிகிராபியா இண்டிகா’வில் அச்சேற்றினார். திருமயம் குகைக் கோயிலிலும் இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. பிற்காலத்தார் அதைச் செதுக்கித் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தங்கள் சாசனத்தைப் பொறித்துக்கொண்டார்கள். இன்று சில சொற்களே மிச்சம்.

கல்லே இப்படி என்றால், கம்ப்யூட்டர் டிஸ்க்கை என்னவென்று நம்புவது? சுழல்கிற வரைக்கும்தான் அதற்கு ஆயுள். ஆகவேதான் வலையில் இணைத்து எல்லாரும் பொதுவாகப் புழங்கும் சேமிப்புப் பெட்டியில் பல டிஸ்க்குகளை வைக்கிறார்கள். ‘நாஸ்’ என்பது அதன் பெயர். ஒன்றில் 5, மற்றொன்றில் 7, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12 என்று எழுதி வைத்தால், எந்த ஒன்று போனாலும் மற்ற இரண்டிலிருந்து மீட்கலாமல்லவா? ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான் 1988-ல் பெர்க்லி பேராசிரியர்கள் விளக்கி எழுதினார்கள்.

2005-ல் ஒலிவியே கொஷார் என்ற பிரெஞ்சுக்காரர், பழைய கம்ப்யூட்டரையே அத்தகைய பெட்டியாக்கும் ‘ஃப்ரீநாஸ்’ மென்பொருளைத் தொடங்கி, மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தார்.

ஆனால் டிஸ்க் எப்போதும் சொல்லிக்கொண்டு சாவதில்லை. சத்தமில்லாமல் ஓரெழுத்தை மாற்றிவிடும். இரண்டு பிரதிகள் முரண்பட்டால் எது சரி? ஏடுகளை ஒப்புநோக்கிய உ. வே. சாமிநாதையருக்கு இருந்த தலைவலிதான் இது. அவருக்குப் புலமை துணை நின்றது; யந்திரத்துக்கு ஏது புலமை? சன் கம்பெனியின் ‘இசட்எஃப்எஸ்’ ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சோதனை எண்ணைக் கணக்கிட்டுத் தனியே வைத்தது. எண் ஒத்துவராத பிரதியைத் தள்ளி, ஒத்த பிரதியைக்கொண்டு பழுதைத் திருத்தும். எனக்கு இதில் மிகவும் பிடித்த யுக்தி இதுதான்.

2005-ல் சன் அந்த நிரலையும் திறந்துவிட்டது. 2010-ல் ஆரக்கிள் சன்னை வாங்கியது. வாங்கிய வருஷமே கதவைச் சாத்தியது. திருமயத்து உளி ஞாபகத்துக்கு வருகிறது. இங்கே மட்டும் உளிக்கு வேலையில்லாமல் போயிற்று. கொடுத்த உரிமை தான சாசனம் போன்றது. திரும்பப் பெற வழியில்லை. பிரதிகள் அதற்குள் பல தேசத்தார் கைகளுக்குப் போய்விட்டிருந்தன. அவர்கள் 2013-ல் ‘ஓபன்இசட்எஃப்எஸ்’ என்ற பெயரில் ஒன்று கூடினார்கள். ஃப்ரீநாஸின் வாரிசான ட்ரூநாஸ் பெட்டிகளில் இன்று ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.