கூற்றும் தொகுப்பும்: கூட்டுப் புனைவின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

பலர் கூடி ஒரு கற்பனை உலகை வகுத்துக்கொண்டு, அவ்வுலகின் மாந்தராகத் தாமே நின்று, மாறி மாறி எழுதிக் கதை வளர்க்கும் வழக்கம் இன்று இணையத்தின் வழியே உலகெங்கும் பரவியுள்ளது. விண்கலத்தின் தலைவராக ஒருவர், மருத்துவராக ஒருவர், பொறியாளராக ஒருவர் எனப் பாத்திரமேற்று, அறிவியற் புனைகதையைப் பகுதி பகுதியாக எழுதிச் செல்வர். இதனை மேனாட்டார் பொழுதுபோக்கென ஒதுக்குவாரும் உளர். ஆயின், அதன் அமைப்பைத் தமிழ் மரபோடு ஒப்பவைத்து நோக்கின், உலகு, கூற்று, தொகுப்பு என்னும் மூன்றும் அதற்கு இன்றியமையாதன என்பதும், அவற்றுள் தொகுப்பே இக்காலத்தார் கைவிட்டது என்பதும் புலனாகும்.

முதற்கண் மேனாட்டு வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளித் தொடர் தொடங்கியது. மறு ஆண்டே அதன் சுவைஞர்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற இதழைத் தாமே வெளியிட்டனர். 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திரமேற்பு விளையாட்டும், 1977இல் விண்வெளியைக் களமாகக் கொண்ட ‘டிராவலர்’ என்பதும் தோன்றின. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவரான ராய் டிரப்ஷா, பலர் ஒரே வேளையில் கணினி வழியே ஒரு கற்பனை உலகிற் புகுந்து உலவுமாறு ஓர் ஆட்டத்தை அமைத்தார். ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தார். சுவைஞர் எழுத்தும் பாத்திரமேற்பும் கணினி வலையும் ஒன்றுகூடியபோது இற்றைக் கூட்டுப் புனைவுக் குழுக்கள் உருவாயின.

இக்குழுக்களின் நெறிகள் கருதத்தக்கன. ஒருவர் தம் மாந்தரை மட்டுமே இயக்கலாம். பிறர் மாந்தரின் சொல்லையும் செயலையும் அவர் இசைவின்றி எழுதலாகாது. முன்னவர் நிகழ்ந்ததாக எழுதியதைப் பின்னவர் இல்லையெனல் ஆகாது. யார் பேசுகின்றார், யாரிடம், எவ்விடத்து, எக்காலத்து என்பன தெளிவுற அமைதல் வேண்டும். இவற்றைக் காக்க நெறியாளர் ஒருவர் வேண்டும்.

இவற்றைக் காணுங்கால் தமிழ் மாணவர்க்குத் தொல்காப்பியச் செய்யுளியல் நினைவுக்கு வாராதிராது. அவ்வியல் எண்ணும் செய்யுளுறுப்பு 34இல் கூற்று, கேட்போர், களன், காலம் என்பன அடுத்தடுத்து நிற்கின்றன. அகப்பாட்டிற் புலவர் தாமாகப் பேசுவதில்லை. தலைவியாகவோ தோழியாகவோ செவிலியாகவோ நின்று பேசுகின்றார். இன்னார் இன்ன இடத்துப் பேசலாம் என்னும் வரையறையும் உண்டு. திணையுலகோ எல்லாப் புலவர்க்கும் பொதுவானது. கபிலர் பாடிய தோழியும் அம்மூவனார் பாடிய தோழியும் ஒரே மரபின் வாயிலாகவே பேசுகின்றனர்.

ஐங்குறுநூறு இதற்குத் தலைசிறந்த சான்று. மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார் எனத் திணைக்கு ஒருவராக, ஒவ்வொருவரும் நூறு பாடல் பாடியுள்ளனர். ஐவரும் ஒருங்கிருந்து பாடினர் என்று கொள்வதற்குச் சான்றில்லை. அகப்பாட்டு ஒரு கணத்தைக் காட்டுவது, இக்காலப் புனைவு நெடுங்கதையாக ஓடுவது என்னும் வேறுபாடும் உண்டு. எனினும், வகுத்த உலகினுள் ஏற்ற குரலாற் பேசுதல் இரண்டற்கும் பொது.

இனி, நெய்வேலிக்கு அணித்தாகிய தில்லையைப் பாடிய இரட்டைப் புலவரையும் இங்கு நினைத்தல் தகும். ஒருவர் கண்ணிலார், மற்றவர் நடக்கவியலார் என்ப. ஒருவர் பாதி வெண்பாத் தொடங்க, மற்றவர் முடிப்பார் என்று வழிவழியாகக் கூறுவர். தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் அவர்தம் நூல்கள். முன்னவர் சொல்லை ஏற்று வளர்த்தல் நமக்குப் புதிதன்று என்பதற்கு இக்கதை போதும்.

இணையத் தமிழிலும் இக்கூட்டுணர்வு விரைந்து வெளிப்பட்டது. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்து வாழ் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றிப் பழநூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் மின்னூலாக்கினர். மரத்தடி, ராயர் காப்பி கிளப் முதலிய யாகூ குழுக்களில் எழுத்தாளரும் வாசகரும் ஒருங்கு கூடினர். 1980களில் ‘என் இனிய இயந்திரா’ வாயிலாகச் சுஜாதா வளர்த்த அறிவியற் புனைவுச் சுவை இங்கும் தொடர்ந்தது. மரத்தடியும் திண்ணை இதழும் இணைந்து அறிவியற் புனைகதைப் போட்டி நடத்தின. அப்போட்டிக் கதைகள் நூலாகவும் தொகுக்கப்பெற்றன.

அந்நிலை எல்லாவற்றுக்கும் வாய்க்கவில்லை. யாகூ நிறுவனம் 2019 இறுதியில் குழுக்களின் பழைய மடல்களை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் அப்பணியையே மூடிவிட்டது. உரியவர் முன்னரே படியெடுத்துக் காவாதன அழிந்தன. ஓலையைக் கறையான் அரிக்கப் பல்லாண்டு வேண்டும். மின்னெழுத்துக்கு ஒருநாள் போதும்.

ஐங்குறுநூறு நமக்குக் கிடைத்தது எவ்வாறு? யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை தொகுப்பித்தான், புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் தொகுத்தார், ஏடெழுதுவோர் வழிவழிப் படியெடுத்தனர், 1903இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். இத்துணைக் காவலிருந்தும் 129, 130ஆம் பாடல்கள் கிடைத்தில. காவலின்றி விடப்பட்டவற்றின் நிலை கூறவும் வேண்டுமோ?

நெய்வேலிச் சுரங்கத்திற் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் மிக்க நீர் தேங்கியுள்ளது. அதனை இடையறாது இறைத்தாலன்றிச் சுரங்கத்தளம் நிலைத்து நில்லாது. வெட்டியெடுக்கும் பொறியைப் பார்ப்பார் பலர். நீரிறைப்பை நினைப்பார் சிலர். கூட்டுப் புனைவுக் குழுவில் நெறியாளரும் தொகுப்பாளரும் ஆற்றும் பணி அத்தகையது. எழுதுவோரை நாம் அறிவோம், காத்தோரை அறியோம். ஐங்குறுநூறோ பாடிய ஐவரோடு தொகுத்தவரையும் தொகுப்பித்தவனையும் பெயர் சுட்டிப் போற்றி வைத்துள்ளது.

ஆதலின், எஞ்சியுள்ள இணையக் குழு எழுத்துகளை, எழுதியோர் இசைவு பெற்று, நாளும் பெயரும் பிறழாது தொகுத்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். அப்பணியில் ஈடுபடும் ஆய்வு மாணவர் கூடலூர் கிழாரின் வழியினரே எனலாம்.