வில் வண்டி முதல் குட்டி யானை வரை: காவிரிப் படுகை வண்டிகளின் வில் அமைப்பு

சக்கரத்தின் அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அதிர்வைத் தாங்குவதற்காக வைக்கப்படும் எஃகுப் பட்டைகளின் அடுக்கு தமிழில் வில் என்று அழைக்கப்பட்டது. வில் பொருத்திய மாட்டு வண்டி வில் வண்டி எனப் பெயர் பெற்றது. மோட்டார் வாகனங்கள் வந்தபின் அதே உறுப்பு ஸ்பிரிங் என்றும், அதைச் சார்ந்த முழு அமைப்பு சஸ்பென்ஷன் என்றும் வழங்கலாயின. தஞ்சாவூரை மையமாகக் கொண்ட காவிரிப் படுகையில் எந்த வண்டிக்கு வில் வைக்கப்பட்டது, எதற்கு வைக்கப்படவில்லை என்பது அந்நிலத்தின் மண், நெல் வணிகம், சமூகப் படிநிலை ஆகிய மூன்றையும் காட்டுகிறது. சிறிய சரக்கு வண்டிகளுக்கு நீண்ட வீச்சுள்ள சஸ்பென்ஷனைப் பொருத்தலாமா என்ற இன்றைய கேள்வியும் இந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

நிலமும் பாதையும்

காவிரிப் படுகை ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படிந்த சமவெளி. இங்கே பாறை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கான கருங்கல்லே வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். சாலைக்கான சரளைக்கல்லும் அவ்வாறே வரவேண்டியிருந்தது. ஊர்ப்பாதைகள் பெரும்பாலும் ஆற்றுக்கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் அமைந்தன. அவை உயரமானவை, குறுகலானவை, இருபுறமும் சரிபவை. கோடையில் இம்மண் இறுகி வண்டித்தடங்கள் பள்ளங்களாக நிற்கும். மழைக்காலத்தில் அதே மண் குழைந்து சக்கரத்தை விழுங்கும். ஆகவே படுகையின் வண்டிக்காரர் எதிர்கொண்ட முதன்மையான சிக்கல் மேடுபள்ளம் அல்ல, புதைவு.

பார வண்டி

நெல் ஏற்றிய பார வண்டிக்கு வில் கிடையாது. கட்டை வண்டி என்றும் அழைக்கப்பட்ட இவ்வண்டியில் குடம், ஆரக்கால், வட்டை ஆகியவை மரத்தால் செய்யப்பட்டன. வட்டையின்மேல் இரும்புப் பட்டை காய்ச்சி இறுக்கப்பட்டது. வண்டியின் உடல் நேராக அச்சின்மேல் அமர்ந்தது. உராய்வைக் குறைக்க, எரித்த வைக்கோலின் கரியை எண்ணெயில் குழைத்த வண்டி மை பூசப்பட்டது. பெரிய சக்கரமே பள்ளங்களைக் கடக்க உதவியது. எஞ்சிய அதிர்ச்சி நுகத்தடி வழியாக மாடுகளின் கழுத்துக்குச் சென்றது.

வயலிலிருந்து களம் வரை கதிர்க்கட்டுகள் தலைச்சுமையாகவே வந்தன. களத்திலிருந்து வீட்டுப் பத்தாயத்துக்கும், ஆலைக்கும், ரயில் நிலையத்துக்கும் வண்டி தேவைப்பட்டது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையிலும், அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளி வரையிலும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின் பாசனம் மேலும் உறுதிப்பட்டது. ரயில் வந்ததால் பார வண்டி ஒழியவில்லை. நிலையம் வரை நெல்லைக் கொண்டுசேர்க்கும் வேலை கூடியது.

வில் வண்டி

இங்கிலாந்தில் ஒபதையா எலியட் 1804-ல் வளைந்த எஃகுப் பட்டை வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகளுக்காக உருவான இந்த அமைப்பு காலனிய நகரங்களின் வழியாக இந்தியாவின் மாட்டு வண்டிகளுக்கும் வந்தது. படுகையில் இதை வைத்திருந்தவர்கள் மிராசுதார்களும் வசதியுள்ள குடும்பத்தாருமே. மேலே கூண்டும், உள்ளே வைக்கோல் பரப்பி விரித்த மெத்தையும், மாடுகளின் கழுத்தில் சலங்கையும் கொண்ட வில் வண்டி திருமணத்துக்கும் கோயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் சென்றது. அதில் நெல் மூட்டை ஏற்றுவதில்லை. வில் நுட்பம் ஊருக்குள் வந்தபிறகும் அது ஆளுக்கு மட்டுமே பயன்பட்டது, சுமைக்கு வரவில்லை.

இதற்குப் பொருளியல் காரணம் உண்டு. சில ஆட்களைச் சுமக்கும் வில் மெலிதாக இருந்தால் போதும். நெல் பாரத்தைச் சுமக்க வேண்டுமானால் வில் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கவேண்டும். அதன் விலை அதிகம். ஊர்க் கொல்லரால் எளிதில் செய்யவும் முடியாது. சமூகக் காரணமும் உண்டு. வில் வண்டியில் செல்வது மதிப்பின் அடையாளம். திருவிதாங்கூரில் இது வெளிப்படையான போராட்டமாகவே ஆனது. வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893-ல் ஒரு வில் வண்டியை வாங்கி, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிச்சென்றார். கேரள வரலாற்றில் அந்நிகழ்வு வில்லுவண்டி யாத்திரை என்றே அறியப்படுகிறது. ஓர் எஃகு வில் யாருக்கு உரியது என்ற கேள்வி சாலை யாருக்கு உரியது என்ற கேள்வியோடு பிணைந்திருந்ததை அது காட்டுகிறது.

டயர் வண்டி

இரும்புப் பட்டைச் சக்கரம் சரளைச் சாலைகளை அறுத்துச் சிதைத்தது. மோட்டார் வாகனங்கள் பெருகியபின் இது அரசுக்குப் பெரிய சிக்கலானது. டன்லப் நிறுவனம் 1936-ல் வங்காளத்தின் சாகாகஞ்சில் தொழிற்சாலை தொடங்கியபின் காற்றடைத்த டயர் இந்தியாவிலேயே உற்பத்தியானது. பழைய லாரி டயர்களும் கிடைக்கத் தொடங்கியதால் டயர் வண்டி கிராமங்களுக்குப் பரவியது.

டயர் வண்டியிலும் வில் இல்லை. ஆனால் டயருக்குள் இருந்த காற்றே வில்லின் வேலையில் ஒரு பகுதியைச் செய்தது. அகன்ற டயர் பாரத்தைப் பரப்பியதால் ஈர மண்ணில் புதைவும் குறைந்தது. பாரத்தைச் சுமந்த வண்டிக்கும் மாட்டின் கழுத்துக்கும் முதன்முதலாக அதிர்வு குறைந்தது இப்போதுதான். இதற்கு விலையும் இருந்தது. பஞ்சர் ஒட்டுவதும் டயர் மாற்றுவதும் புதிய செலவுகளாயின. சக்கரம் செய்த தச்சருக்கும் பட்டை கட்டிய கொல்லருக்கும் வேலை குறைந்தது. வண்டி எளிதாக ஓடியதால் அதிகப் பாரம் ஏற்றும் பழக்கமும் வந்தது.

பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என்.எஸ். ராமசாமி 1970-களில் மாட்டு வண்டியின் சீரமைப்பைத் தேசியத் திட்டமாக்க முயன்றார். சக்கரம், நுகத்தடி, மாட்டின் நலம் ஆகியவற்றை ஒன்றாகப் பார்க்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

குட்டி யானை

2005-ல் டாடா ஏஸ் அறிமுகமானது. தமிழகத்தில் அதற்குக் குட்டி யானை என்ற பெயர் நிலைத்தது. தொடக்கத்தில் அதன் சுமைத்திறன் 750 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டைக் கணக்கில் இது 18 மூட்டை. 2011-ல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. இவ்வகை வண்டிகளின் பின் அச்சில் இருப்பது அதே பட்டை வில்தான். இரு நூற்றாண்டுக்குமுன் ஆளுக்காக வந்த வில் இப்போது நெல்லுக்கும் வந்துவிட்டது.

இந்த வில் முழுச் சுமைக்காக விறைப்பாக அமைக்கப்படுகிறது. ஆகவே வெறும் வண்டி துள்ளும். மூட்டை ஏற்றியபின் அமைதியாக ஓடும். துள்ளலைக் கண்டு வில் பழுதென்று எண்ணுபவர்கள் உண்டு. அது பழுதல்ல, சுமைக்காக ஓட்டுநர் ஏற்கும் அசௌகரியம்.

நீள்வீச்சு சஸ்பென்ஷன்

லாங் டிராவல் எனப்படும் நீள்வீச்சு சஸ்பென்ஷனில் சக்கரம் வழக்கத்தைவிட மிக அதிகமாக மேலும் கீழும் நகரும். மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா பாலைநிலத்தில் 1967 முதல் நடந்துவரும் நெடுந்தூரப் பந்தயங்கள் இதன் வளர்ச்சிக்கு முதன்மைக் களமாயின. கல்லும் மணல்மேடும் நிறைந்த திறந்தவெளியில், சுமையின்றி வேகமாகச் செல்வதற்கானது அது. நீண்ட கைகள், மென்மையான ஸ்பிரிங், பெரிய அதிர்வுத்தாங்கி ஆகியவை அதற்குத் தேவை. பல அமைப்புகளில் வண்டியின் உயரமும் அகலமும் கூடும்.

படுகையில் இந்த நிபந்தனைகள் தலைகீழாக உள்ளன. மென்மையான ஸ்பிரிங்கின்மேல் ஒரு டன் நெல் ஏற்றினால் பின்புறம் அமிழ்ந்து, வாங்கிய வீச்சு முழுவதும் வீணாகும். உயர்ந்த வண்டி சரிவான வாய்க்கால் கரையில் எளிதாகக் கவிழும். சேற்றில் சக்கரம் எவ்வளவு இறங்கினாலும் அடியில் பிடிமானம் கிடைக்காது. ஈர வயலில் அறுவடைக்கு டயர் இயந்திரத்தை விடுத்து பெல்ட் இயந்திரத்தை விவசாயிகள் அழைப்பதும் இதனால்தான். அங்கே பாரத்தைப் பரப்புவதே தீர்வு.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52 கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

மதிப்பீடு

படுகையின் வண்டி வரலாற்றில் நிலைத்த மாற்றங்கள் சுமை, மண், செலவு ஆகிய மூன்றுக்கும் ஒருசேரப் பொருந்தியவை. வில் வண்டி சொகுசைத் தந்தது, ஆனால் நெல்லைச் சுமக்கவில்லை. டயர் வண்டி சொகுசைப் பேசவில்லை, ஆனால் மாட்டின் கழுத்து முதல் சாலை வரை பலவற்றைக் காத்தது. நெல் ஏற்றிப் பிழைக்கும் ஒரு பிக்கப்புக்கு நல்ல டயர், சரியான காற்றழுத்தம், தேய்ந்த பட்டைகளையும் அதிர்வுத்தாங்கிகளையும் உரிய காலத்தில் மாற்றுதல் ஆகியவையே முதல் தேவைகள். நீள்வீச்சு சஸ்பென்ஷன் சுமையில்லாமல் கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிக்குரியது. அவ்வகையில் அது வில் வண்டியின் வழிவந்ததே தவிர, பார வண்டியின் வழிவந்தது அல்ல.