ஐ-லீக் சாம்பியன் ஆனா ஐஎஸ்எல்-லில் இடம் கிடைக்குமா? இந்திய கால்பந்து லீக்குகளின் கதை

2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, சென்னை சிட்டி அணி ஐ-லீக் கோப்பையை வென்றது. ஆனால் அதே ஆண்டு ஐ-லீக்கே இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஜெயித்த அணிக்கு ஐஎஸ்எல்-லில் இடமும் கிடைக்கல. ஏன் இப்படி? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

முதலில் வந்தது ஊர் லீக்

கல்கத்தா லீக் தொடங்கியது 1898-ல். கோவா, மும்பை என ஊருக்கு ஒரு லீக் இருந்தது. நாடு முழுக்க அணிகள் மோதியது டூரண்ட் கோப்பை, ஃபெடரேஷன் கோப்பை போன்ற போட்டிகளில்தான். தோற்றால் சில நாளில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

1996: முதல் தேசிய லீக்

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் (ஏஐஎஃப்எஃப்) தேசிய கால்பந்து லீக்கை (என்எஃப்எல்) 1996-ல் தொடங்கியது. பஞ்சாபின் ஜேசிடி முதல் சாம்பியன். 2007-ல் அது ஐ-லீக் ஆனது. முதல் கோப்பை கோவாவின் டெம்போவுக்கு. பெயர் மாறினாலும் நிலைமை பெருசா மாறல. கம்பெனிகளை நம்பியிருந்த மஹிந்திரா யுனைடெட் 2010-லும், ஜேசிடி 2011-லும் கலைக்கப்பட்டன.

ஐஎஸ்எல் எப்படி வந்தது?

2010-ல் ஐஎம்ஜி-ரிலையன்ஸுடன் ஏஐஎஃப்எஃப் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 700 கோடி ரூபாய். அதன் பலன்தான் 2014-ல் 8 அணிகளுடன் வந்த ஐஎஸ்எல். ஐபிஎல் மாதிரி, அணிகள் களத்தில் தகுதி பெற்று வரவில்லை. முதலாளிகள் பணம் கொடுத்து வாங்கினார்கள்.

2017-ல் ஆசிய கால்பந்து கூட்டமைப்பு ஐஎஸ்எல்-லை அங்கீகரித்தது. இரண்டு லீக்கும் ஒரே நேரத்தில் ஓடின. 2019-ல் ஐஎஸ்எல்தான் முதல் நிலை என முடிவானது. 2020-ல் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அங்கே போயின.

மேலே போகலாம், கீழே இறங்க வேண்டாம்

2019 திட்டப்படி, 2022-23 சீசனில் இருந்துதான் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் கதவு திறந்தது. அதனால்தான் சென்னை சிட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2023-ல் பஞ்சாப், 2024-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் மேலே வந்தன. ஆனால் அந்த சீசன்களில் ஐஎஸ்எல்-லில் கடைசி இடம் பிடித்த எந்த அணியும் கீழே இறக்கப்படவில்லை.

இதில் என்ன பிரச்னை? அப்போது கடைசி இடத்துக்குப் போனாலும் அணிக்கு ஆபத்து இருக்கவில்லை. வெளியே இருந்த சின்ன கிளப்புக்கோ ஆண்டுக்கு ஒரே ஒரு வாசல்தான் இருந்தது.

2025-ல் நடந்தது என்ன?

15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு எட்டப்படாததால், ஜூலையிலேயே புது சீசனை நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்கள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தின. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2026 பிப்ரவரியில் சுருக்கப்பட்ட சீசன் தொடங்கியது.

நாட்டின் முதல் நிலை லீக் ஒரே ஒரு வணிக ஒப்பந்தத்தை நம்பி நின்றால், அது முடியும்போது முதலில் அடி வாங்குவது வீரர்களின் சம்பளம்தான்.