காசநோயும் சென்னை ஆராய்ச்சியும்

சயரோகம் எனப்படும் காசநோய் பீடித்தவரை ஆரோக்கிய நிலையத்தில் நெடுங்காலம் தனித்திருக்கச் செய்வதே முன்னாளில் பல நாடுகளில் வழக்கமாயிருந்தது. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றுமே நோய் தீர்க்குமென நம்பினர். இந்தியா போன்ற நாடுகளிலோ நோயாளர் பல இலட்சம். கட்டில்களோ மிகச் சில.

இந்நிலையில், 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையமொன்று தோன்றிற்று. 193 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றவரை நெருக்கமான தத்தம் வீடுகளிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளை வழங்கினர். வீட்டிலிருந்தோருக்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. எனினும், இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவிற் குணமடைந்தனரென்பது 1959இல் வெளியாயிற்று. உடனுறைந்த குடும்பத்தாருக்கும் ஆபத்து மிகவில்லையெனப் பின்னர் தெரியவந்தது. இருமலோடு வெளிப்படும் கிருமி, சிகிச்சை தொடங்குமுன்னரே பெரும்பாலும் பரவிவிடுகின்றது. தக்க மருந்து செல்லத் தொடங்கியதும் அப்பரவல் விரைவிற் குன்றுகின்றது.

ஆதலின், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை மறைத்து வைத்தலாகாது. சளியைச் சோதித்தல் வேண்டும். நோய் உறுதியாயின், உடல் தேறிவிட்டதென்று மருந்தை இடையில் நிறுத்தாது, வைத்தியர் குறித்த காலம் முழுவதும் உட்கொள்ளல் வேண்டும். நோயாளியைக் காப்பதும் அவர்தம் வீட்டாரைக் காப்பதும் இதுவேயாகும்.