முதலில் ஏறியது தேயிலை, பிறகுதான் மனிதர்: கெப் வாங்கும் முன் நமது பாதையின் கதை

பொகவந்தலாவை உறவுகளே,

ஊருக்குப் பொதுவாக ஒரு கெப் வாங்குவது என்று பேச ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. நோயாளியை லயத்திலிருந்து இறக்க, ஜனாஸா கொண்டுபோக, மண் சரிந்தால் சாமான் ஏற்ற, தண்ணீர் வராத நாட்களில் டேங்க் இழுக்க ஒரு வாகனம். டவுன் கடைக்காரர்களும் தோட்டத்துப் பிள்ளைகளும் வெளிநாட்டிலுள்ள தம்பிமாரும் சேர்ந்து பணம் போடுகிறோம். இதுவரை நல்லது. ஆனால் குரூப்பில் நடப்பது என்ன? ஒருவர் ஹைலக்ஸ் என்கிறார், ஒருவர் டீ-மெக்ஸ் என்கிறார், இன்னொருவர் எல்200 தவிர வேறு எதற்கும் காசு தர மாட்டேன் என்கிறார். எதை ஏற்றப் போகிறோம், எங்கே ஏறப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வகுப்பில் வரலாறு படிப்பிக்கிற பழக்கம், கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

மாடுதான் முதல் வாகனம்

கண்டி அரசர் காலத்தில் மலைக்குள் வண்டிப் பாதை கிடையாது. உப்பும் கருவாடும் துணியும் மேலே வந்ததும், பாக்கும் மிளகும் கீழே போனதும் மாட்டின் முதுகில்தான். அதைத் தவளம் என்றார்கள். அரசின் போக்குவரத்துப் பகுதிக்கு ‘மடிகே பத்த’ என்று பெயர். அதில் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் முஸ்லிம்கள். மலைநாட்டில் நம் மூத்த வாப்பாமார் பிழைத்த தொழில்களில் இது ஒன்று. பாதை இல்லாத இடத்துக்கும் போகக்கூடிய வாகனம் எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாடு தாங்கும் சுமையைத்தான் ஏற்றினார்கள். மேலும் சுமை இருந்தால் இன்னொரு மாட்டைச் சேர்த்தார்கள்.

1815இல் கண்டி வெள்ளைக்காரர் கையில் போனது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப் பாதை வெட்டினார். கடுகண்ணாவையில் பாறை குடைந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்கும் கோபுரம், பாதை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக்கு. வெட்டிய கூலிக்காரனுக்குக் கோபுரம் இல்லை. உண்மையில் அவனுக்குக் கூலியும் இல்லை. அந்தப் பாதையின் பெரும்பகுதி ராஜகாரிய என்ற கட்டாய உழைப்பில் உருவானது.

அந்த ராஜகாரிய 1832இல் ஒழிக்கப்பட்டது. கோல்புரூக், கெமரன் என்ற இருவர் விசாரித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து நடந்தது அது. ஓ.எல். பிள்ளைகள் எல்லோரும் கோல்புரூக்–கெமரன் என்று பாடமாக்கியிருப்பார்கள். அந்தக் கெமரன் எங்கே அடக்கமாகியிருக்கிறார் தெரியுமா? இங்கேதான், நம் பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்து மயானத்தில். பக்கத்தில் அவர் மனைவி ஜூலியா மார்கரெட் கெமரன், உலகம் அறிந்த புகைப்படக்காரி.

ஜூலியா அம்மையார் 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். அப்போது ஹட்டனுக்கு ரயில் இல்லை. நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த ரயில், ஹட்டனைத் தொட 1884 ஆனது. அவருடைய உடலை இரண்டு வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் மலை கடந்து கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. நாம் இன்று தேடுவதும் அதே வேலைக்கான வாகனத்தைத்தான்: இந்தப் பாதையில் ஒரு மனிதரை மரியாதையோடு கொண்டுபோக.

யாருக்காக வந்த பாதை

ஹட்டன் ரயில் நமக்காக வரவில்லை. கோப்பி, பிறகு தேயிலை, துறைமுகத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. 1869இல் தொடங்கிய இலை நோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலை இறங்கிய பாதையில் அரிசி ஏறியது. நம் ஆட்களோ மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை.

ரயில் பொறியியலாளர்கள் மலைப் பாதையில் ஒரு விதி வைத்தார்கள்: 44 அடி போனால் 1 அடிக்கு மேல் ஏறக்கூடாது. அதற்காக மலையைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். நம் தோட்டத்து டிவிஷன் பாதைகளை யாரும் அப்படி வெட்டவில்லை. அவை கொழுந்து மூட்டை ஃபெக்டரிக்கு இறங்குவதற்கான பாதைகள். சில தோட்டங்களில் பாதைகூட வேண்டாம் என்று மூட்டையைக் கம்பியில் கட்டி இறக்கினார்கள்.

அந்தப் பாதைகள் ஏன் இன்னும் இப்படியே கிடக்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு காரணம் சட்டத்திலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. முப்பது வருடம் நாம் வாக்குப் போட்ட சபை, நம் லயத்துப் பாதைக்கு ஒரு கூடைக் கல் போட முடியாமல் இருந்தது. ஆகவே நாம் வாங்கும் வாகனம் பழுதான பாதையில்தான் ஓடப்போகிறது. அதை மனதில் வைத்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

ஜீப்பிலிருந்து கெப் வரை

1944இல் மவுண்ட்பேட்டனின் யுத்தத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. அந்த யுத்தம் உலகத்துக்குப் பழக்கிய வாகனம் ஜீப். அதைப் பார்த்து இங்கிலாந்தில் 1948இல் லேண்ட் ரோவர் செய்தார்கள். யுத்தம் முடிந்து இரும்புத் தகடு பங்கீட்டில் இருந்ததால் அலுமினியக் கலவையில் உடம்பைச் செய்தார்கள். தட்டையான தகடு, பெட்டி போன்ற சட்டகம், நாலு சக்கரமும் இழுக்கும் கியர். அழகு இல்லை, ஆனால் கையில் சுத்தியல் இருந்தால் திருத்தலாம். தோட்டத் துரைமார் அதை விரும்பியதில் ஆச்சரியமில்லை. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கில், அந்தக் காலத்து லேண்ட் ரோவர்களை நம் காலம்வரை சந்தக்பு மலைக்கு ஓட்டினார்கள். அங்குள்ள மெக்கானிக்மாருக்கு அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்ததுதான் காரணம்.

1968இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது, 1979இல் அதற்கு நாலு சக்கர இழுவை வந்தது. 1977க்குப் பிறகு நம் நாட்டில் இறக்குமதி திறந்ததும் ஜப்பான் கெப்கள் மலையேறின. ஆனாலும் லயத்துக்கு வந்த வாகனம் கொழுந்து லொறியும் ட்ரெக்டரும்தான். பிரசவ வலியோடு எத்தனை பேர் கொழுந்து லொறியில் இறங்கினார்கள் என்பது வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டால் தெரியும். லொறி இருந்தது, ரோட்டு இருந்தது, சாவி மட்டும் வேறொருவர் வீட்டில் இருந்தது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய பிறகு நமக்கும் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எல்லா டிவிஷன் பாதையிலும் வேன் ஏறாது. அந்தக் கடைசி ஒரு மைலுக்குத்தான் நமக்குக் கெப் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மலைநாட்டுப் பாதைகளையும் ரயிலையும் துண்டித்தபோது, அந்த ஒரு மைலின் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது.

இனி நம் கெப்

மேலே சொன்னதை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, தட்டின் நீளம். டபள் கெப்பில் ஐந்து பேர் இருக்கலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் பின்தட்டு ஏறக்குறைய ஒன்றரை மீற்றர்தான். சந்தூக்கும் ஸ்ட்ரெச்சரும் இரண்டு மீற்றர் அளவில் வரும், அதாவது கதவைத் திறந்து வெளியே நீட்ட வேண்டும். சிங்கிள் கெப்பில் தட்டு ஏறக்குறைய இரண்டேகால் மீற்றர் வரும். நோயாளியோ மையித்தோ அந்தரத்தில் நீட்டிக்கொண்டு போவதை யாரும் விரும்ப மாட்டோம். ‘குடும்பத்தோடு போக வசதி’ என்று டபள் கெப் கேட்பவர்கள், இது குடும்ப வாகனமா ஊர் வாகனமா என்று யோசியுங்கள்.

இரண்டாவது, இழுவை. புதிய கெப் 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் சொல்லும். அது பிரேக் பூட்டிய ட்ரெய்லருக்கான கணக்கு. ட்ரெய்லரில் பிரேக் இல்லையென்றால் பல நாடுகளில் எல்லை 750 கிலோதான். ஆயிரம் லீற்றர் தண்ணீர் என்றால் ஆயிரம் கிலோ. ட்ரெய்லரின் பாரமும் சேர்ந்தால் ஆயிரத்து நானூறு வரும். அதில் பத்தில் ஒரு பங்கு, 140 கிலோ, கொக்கியில் இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும். அரை டேங்க் தண்ணீர் முழு டேங்கை விட ஆபத்து, வளைவில் தண்ணீர் அலைந்து வண்டியைத் தள்ளும். பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் தண்ணீரும் ட்ரெய்லரின் பாரமும் சேர்ந்து 750 கிலோவுக்கு மேல் வேண்டாம். பல தடவை போவோம். தவளக்காரர் செய்த கணக்குத்தான் இது.

மூன்றாவது, ஏறுவதை விட இறங்குவது முக்கியம். லோ கியர் உள்ள நாலு சக்கர இழுவை கட்டாயம். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகிக் கைவிடும். நாலாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்தது. டர்போ இல்லாத பழைய எஞ்சின் இங்கே பத்து வீதத்துக்கு மேல் பலம் இழக்கும். ஆகவே டர்போ டீசல் நல்லது.

நான்காவது, திருத்தும் கை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. இடையில் உதிரிப் பாகத்துக்குப் பட்ட பாடு தெரியும். ஹட்டனில் சாமான் கிடைக்கிற, நம் மெக்கானிக்மார் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற மொடலையே எடுப்போம். பெயர் எதுவானாலும் பரவாயில்லை. வாங்கும் முன் சட்டகத்துக்குக் கீழே படுத்துத் துருவைப் பார்க்க வேண்டும். பளபளக்கும் பெயின்டில் ஏமாற வேண்டாம்.

கடைசியாக, சாவி. இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். இரவு இரண்டு மணிக்கு மேல் டிவிஷனிலிருந்து ஒரு பிள்ளை ஓடிவந்தால், யாருடைய கதவைத் தட்டும்? அந்தக் கதவு திறக்குமா? அது முஸ்லிம் பிள்ளையா, இந்துப் பிள்ளையா, கிறிஸ்தவப் பிள்ளையா, சிங்களப் பிள்ளையா என்று கேட்காமல் திறக்குமா? ஓட்டத் தெரிந்த ஆறு பேரின் பெயரும் முறையும் எழுதிப் பள்ளிவாசலிலும் கோயிலிலும் டவுன் கடையிலும் ஒட்டாத வரை, நாம் எந்த வாகனம் வாங்கினாலும் பழைய கொழுந்து லொறிக் கதைதான்.

வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு டவுனில் எல்லோரும் கூடுகிறோம். தோட்டத்து ஐயாமார், அம்மாமார் கட்டாயம் வாருங்கள், பாதை உங்களுக்குத்தான் தெரியும். வரும்போது உங்கள் டிவிஷனின் மோசமான ஏற்றத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். மொடல் பெயரை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

வல்ல அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக. இந்த வாகனம் அதிகம் ஓட வேண்டிய தேவை இல்லாத ஊராக நம் ஊரை ஆக்குவானாக. ஆமீன்.