மாறும் சட்டகமும் மாறா அடிப்படையும்

கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணியை அடுத்த சிடாம் கிரி வட்டாரத்துத் தோட்டங்களில், பால்மரம் வெட்டப் புதிதாக உளி பிடித்தவர் முதலில் கற்றது மரப்பட்டையின் இயல்பையே. வெட்டு மேலோட்டமானால் பால் குறையும். ஆழ்ந்தால் உட்படலம் புண்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். உளி மாறலாம், பட்டையைப் பற்றிய அறிவு மாறுவதில்லை. தோட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இன்று பயிலும் இணையத்தொழிலுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

தமிழ்க் கணினி வரலாறே இதற்குச் சான்று. 1980களின் நடுப்பகுதியில் மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அக்காலத்தில் எழுத்துருதோறும் குறியீட்டு முறை வேறுபட்டது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. 1999இல் சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. ஒவ்வொரு மாற்றமும் பழகியவரையும் மீண்டும் மாணவராக்கியது. ஆயினும், மெய்க்குரிய விசையை அடுத்து உயிருக்குரிய விசையை அழுத்த உயிர்மெய் பிறக்கும் தமிழ்99 முறை, எழுத்திலக்கணம் அறிந்தவர்க்கு அயலாகத் தோன்றவில்லை.

இணையப்பக்கம் அமைக்கும் தொழிலிலும் இதே நிலைதான். எச்.டி.எம்.எல். 1991இலும், ஜாவாஸ்கிரிப்ட் 1995இலும், சி.எஸ்.எஸ். 1996இலும் வெளிவந்தன. இவையே அடிப்படை. திரும்பத் திரும்ப எழுதவேண்டிய பகுதிகளை ஆயத்தமாகத் தரும் சட்டகங்கள் இவற்றின்மீது எழுந்தன. ஆங்குலர்ஜேஎஸ் 2010இலும், ரியாக்ட் 2013இலும், வியூ 2014இலும் தோன்றின. 2016இல் ஆங்குலர் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டபோது, முன்னதைக் கற்றவர் பலவற்றை மீண்டும் கற்க நேர்ந்தது.

தொடக்க மாணவர்க்கு இடர் மூன்று. அடிப்படை மொழி, சட்டகத்தின் தனி விதிகள், துணைக்கருவிகள் ஆகியவை ஒருசேர வந்து சூழும். பிழை நேர்ந்தால் அது மூன்றில் எதன்பாற்பட்டதென்று விளங்காது. விளக்கநூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பிறர் நிரலைப் பார்த்தெழுதி, ‘இயங்கியது’ என்று மகிழ்பவர் அடுத்த மாற்றத்தில் திகைத்து நிற்பர். அறிவுக்குறையென்று தம்மையே நொந்து விலகுவோரும் உளர். உண்மையில் குறை அறிவிலன்று; கற்கும் வரிசையிலேயே உள்ளது.

சட்டகத்தின் துணையின்றிச் சிறு பக்கமொன்றை முதலில் அமைத்துப் பழகியவர், பிழையின் இருப்பிடத்தைத் தாமே காண்பர். புதிய சட்டகம் வரினும் அஞ்சார். பட்டையை அறிந்த கைக்கு எந்த உளியும் விரைவில் பழகிவிடும்.